எதிர்த்திசை ரயில்

ஜகார்த்தாவிலிருந்து வரும் வண்டிக்கு
நாற்பத்தைந்து நாளுக்கு முன்பே, நள்ளிரவில்
முன்பதிவு திறந்தது.
பன்னிரண்டு நாலுக்கு எல்லாம் தீர்ந்துவிட்டது.
எதிர்வீட்டு ருமினா நாலு போனை வைத்துக்கொண்டு
நாலிலும் தோற்றாள்.

மறுநாள் காலை, அரிசி களைந்தபடி
ஜகார்த்தாவுக்குப் போகும் வண்டியைப் பார்த்தேன்.
ஜன்னலோரம் வேண்டுமா என்று கேட்டது.
எந்த ஜன்னல் என்றும் கேட்டது.

உலகமே தெகாலுக்கு வரும் வாரத்தில்
நான் தெகாலைவிட்டுப் போகிறேன்.
தர்ஜோனோவுக்கு இந்தப் பெருநாளுக்கும் விடுப்பில்லை.
அறுபத்திரண்டு பூட்டிய வீடுகளுக்கு
பூட்டாத ஓர் ஆள் வேண்டுமாம்.
பிள்ளைகுட்டிக்காரனாக இருந்தால் நல்லதாம்,
ஓடிப்போகமாட்டான்.

நாட்காட்டியின் பின்பக்கம் பென்சிலால் எழுதினேன்.
பேருந்து வேண்டாம்.
நெடுஞ்சாலை மொத்தத்தையும் கிழக்கே திருப்பிவிடுவார்கள்,
அந்த மூன்று நாளும் மேற்கே போகிறவன்
கணக்கிலேயே இல்லை.
ஓலைப்பின்னலில் வேகவைத்த சோறு, பன்னிரண்டு.
தேங்காய்ப்பால் கோழியைச் சுண்டவைத்து எடுக்கணும், இல்லாவிட்டால் ஊசிப்போகும்.
விந்தார்த்திக்குப் புதுச்செருப்பு. ஒரு அளவு பெரியதாக.
பிறை வெள்ளியா சனியா?
மாமனாரின் மசூதி ஒன்று சொல்கிறது, அரசாங்கம் இன்னொன்று.
இரண்டுக்கும் சேர்த்துச் சமைக்க
கோழிக்கு இரண்டு உயிரா இருக்கிறது?

திரும்பி வர டிக்கெட் இல்லை,
பெருநாள் கழிந்து பதினோராம் நாள் வரைக்கும்.
அந்த இடத்தைக் காலியாக விட்டேன்.

"வருகிறவர்கள் மருமகள் எங்கே என்று கேட்பார்களே,"
என்றார் மாமியார்.
மகன் எங்கே என்று
மூன்று வருடமாகக் கேட்டவர்கள்தானே.
சொல்லவில்லை. வெங்காயம் உரித்தேன்.

மகள்தான் சரியான கேள்வி கேட்டாள்:
"அறுபத்திரண்டு வீட்டில்
நாம் எதில் தூங்குவோம்?"
கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கூண்டு இருக்கிறது என்றேன்.
ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி,
மழை வந்தால் மூன்று பக்கம் சாரல்.

போன வருடம் போனில்தான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம்.
வெளியே தெரிந்ததற்கும், உள்ளே ஒளிந்ததற்கும்
மன்னி
என்ற இடத்தில் அவர் முகம் உறைந்தது.
வாய் திறந்தபடி, ஒரு கண் பாதி மூடி,
நாற்பது விநாடி.
அப்புறம் மாமனாரிடம் போன் போய்விட்டது.
என் முறை வரவேயில்லை.

எனக்கும் ஒன்று இருந்தது.
மழைக்கு முன் கூரை மாற்றியதற்குக் கடன் வாங்கினேன் என்று
அவரிடம் சொல்லியிருக்கிறேன்.
கடனில்லை. அவருடைய மோட்டார் சைக்கிள்.
தார்ப்பாய்க்கு அடியில் இன்றைக்கும் அது நிற்பதாக
அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.
"வாரம் ஒருதரம் கிளப்பிவிடு" என்பார்.
"கிளப்பினேன்" என்பேன்.

பென்சிலால் கடைசி வரி:
சாப்பிடுவதற்கு முன்பா, பின்பா?
முன்பு என்று எழுதி, அடித்து,
பின்பு என்று எழுதி, அடித்து.

கடைசி நோன்பன்று காலை வண்டி ஏறினோம்.
பெட்டியில் நாங்கள், ஒரு தாதி,
தூங்கும் ஒரு சிப்பாய்.
சிரேபோனில் எதிர்வண்டி வந்து நின்றது.
கண்ணாடியெல்லாம் கன்னங்கள்,
மடிமேல் மடி, மடிமேல் பிஸ்கட் டின்.
அதிலிருந்து ஒரு பையன் எங்களைப் பார்த்துக்
கையைச் சுழற்றிச் சுழற்றிக் காட்டினான்:
தப்பு வண்டி, தப்பு வண்டி, இறங்குங்கள்.

விந்தார்த்தி எழுந்து நின்று
அவனுக்கு எங்கள் காலி இருக்கைகளை
ஒவ்வொன்றாகக் காட்டினாள்.

வண்டி நகர்ந்தது.
பணப்பையின் உள்ளறையில் விரல் தேடியது.
வாங்கியவரிடம் சாவியைக் கொடுக்கும்போது
வளையத்தை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டிருந்தேன்.
முன்பே சொல்லிவிடலாம்.
அவர் கையில் சோறு இருக்கும்போது வேண்டாம்.